மா அரைக்காத நாள்

நவம்பர் 24

இத்தாலி, பலேர்மோ. விமானத்திலிருந்து இறங்கியதும் வெளிச்சம். டென்மார்க்கில், எங்கள் ஹேர்னிங்கில் இந்நேரம் தெருவிளக்கு எரியத் தொடங்கியிருக்கும்.

அண்ணா கட்டிப்பிடிக்கவில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டார். காரில் பொரித்த எண்ணெய் வாசனை. அவரிலும். அண்ணியைப் பற்றிக் கேட்டேன். எட்டாம் மாதம், வைத்தியர் படுத்தே இருக்கச் சொல்லிவிட்டார், தாய் வீட்டில் விட்டிருக்கிறாராம். கடையில் கைக்கு ஆள் இல்லை. அதனால்தான் தங்கை நான். மூன்று வாரம் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

கடை என்றால் பொரிக்கிற கடை. குங்குமப்பூச் சோற்றை உருண்டையாக்கி, உள்ளே இறைச்சிக் கறி வைத்து, பாண்தூளில் பிரட்டிப் பொரிப்பது: அரன்சீனா. அதற்குத்தான் இந்தத் தெரு பெயர்பெற்றது. முதலாளிக் கிழவர் இந்த வசந்தத்தில் மகளிடம் தூரினோவுக்குப் போய்விட்டார். சட்டியருகே பத்து வருடம் நின்ற அண்ணாவிடம் கடையைக் கொடுத்துவிட்டுப் போனார். சட்டி அதே. கை அதே. பலகையில் பெயர் மட்டும் மாறியது: சிவநேசன். அதற்குப் பிறகு வாடிக்கையாளரில் பாதிப் பேரைக் காணவில்லை. இத்தனை வருடமும் யார் கையால் தின்றார்கள் என்று அவர்களுக்கு இப்போதுதான் தெரிந்திருக்கிறது.

"டிசம்பர் பதின்மூண்டு சாந்தா லூசியா," என்றார் அண்ணா. "அண்டைக்கு ஊரே அரன்சீனா தின்னும். அண்டைக்கு இஞ்சை வந்தா வருஷம் முழுக்க வருவினம். வராட்டி..."

விளக்கு பச்சையானது. காரை எடுத்தார்.

சாந்தா லூசியா. சாந்தா என்றால் புனிதை. எங்களுக்கும் அவள் உண்டு. டென்மார்க்கில், அதே நாள். வெள்ளை அங்கி, தலையில் எரியும் மெழுகுதிரிகள், இருட்டாக்கிய பள்ளி நடையில் வரிசையாகப் பாடிக்கொண்டு போவோம்.

'எங்களுக்கும்' என்று எழுதியிருக்கிறேன். கவனிக்கிறேன். அழிக்கவில்லை.

நவம்பர் 26

இங்கே மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல். என் வயிறு இன்னும் டென்மார்க்கில். பதினொன்றரைக்கே கத்துகிறது.

நவம்பர் 28

ரொட்டிக்கடைக்குப் பாண் வாங்கப் போனேன். ஹேர்னிங்கில் கதவருகே இலக்கச் சீட்டைக் கிழித்துக்கொள்வோம். பிறகு யாரும் யாரையும் பார்க்கத் தேவையில்லை. இங்கே உள்ளே வருகிறவர் "கடைசி ஆள் யார்?" என்று கேட்கிறார். ஒருவர் கையை உயர்த்துகிறார். இனி அந்த முகத்தை நினைவில் வைத்திருக்க வேண்டும். வரிசை தரையில் இல்லை, முகங்களில் இருக்கிறது. நான் கேட்கவில்லை. ஆகவே நான் வரிசையில் இல்லை. கடை வெறுமையாகும்வரை நின்றேன்.

அங்கே றை என்ற தானியத்தில் சுட்ட கறுத்த பாண், மேலே ஊறவைத்த மீன், கத்தியும் முள்ளுக்கரண்டியும், மௌனம். இங்கே எள் தூவிய மஞ்சள் பாண். வீடு வருவதற்குள் முனையைப் பிய்த்துத் தின்றுவிடுகிறார்கள், நடந்துகொண்டே, வாய் நிறையக் கதைத்துக்கொண்டே. நானும் பிய்த்தேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். எதிர் மாடியிலிருந்து ஒரு கிழவி பார்த்துத் தலையசைத்தார்.

இதையெல்லாம் அண்ணாவிடம் சொன்னேன்.

"நீ என்ன, நாடுகளுக்கு மார்க் போட வந்தனியோ?"

ஒப்பிலக்கியத்தில் முதுகலை. வேறு என்ன தெரியும் எனக்கு.

நவம்பர் 30

எதிர் மாடிக் கிழவியின் பெயர் நுன்சியா. விதவை. மாடியிலிருந்து கயிற்றில் கூடை இறக்குவார். மரக்கறிக்காரன் கத்தரிக்காயை வைப்பான். கத்தரிக்காய் பிடிக்காவிட்டால் கூடை அப்படியே இறங்கி வரும், கூடவே ஒரு வசவும். இந்தத் தெருவில் அவர் சொல்வதுதான் தீர்ப்பு. மோட்டார் சைக்கிள் திருத்துகிற நீனோ தன் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்ததுகூட அவரிடம் கேட்டுத்தானாம்.

தினமும் மதியம் எங்கள் கடை வாசலில் வந்து நிற்கிறார். எண்ணெயை முகர்கிறார். உள்ளே வருவதில்லை. நாற்பது வருட வாடிக்கை. பலகை மாறியதிலிருந்து வாசலோடு சரி.

இன்று என்னைப் பிடித்துக்கொண்டார். கல்யாணம் ஆயிற்றா. ஏன் இல்லை. வயது என்ன. இந்த மூக்கு யாருடையது, தகப்பனுடையதா. பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் படித்த இத்தாலியன் எனக்குப் பாதிதான் கைகொடுத்தது. மீதியை அவர் கையால் விளக்கினார்.

ஹேர்னிங்கில் பதினேழு வருடம் பக்கத்து வீட்டில் இருந்த மனிதர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, சைக்கிளைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமா என்பது.

டிசம்பர் 1

பிரிந்த பிறகு முதல் முறையாக மத்தியாஸ் எழுதியிருக்கிறான். என் புத்தகங்களைப் பெட்டிகளில் அடுக்கிவிட்டானாம். எங்கே அனுப்புவது என்று கேட்கிறான். நன்றி என்று எழுதினேன். நாங்கள் நாகரிகமானவர்கள்.

டிசம்பர் 3

அரன்சீனா பிடிக்கப் பழகுகிறேன். சோற்றை இடது உள்ளங்கையில் கிண்ணமாக்க வேண்டும். கறியை வைத்து மூட வேண்டும். என்னுடையது பிளக்கிறது. அண்ணா ஒரு கையால் பிடித்துக்கொண்டே மறு கையால் கதவு திறக்கிறார், பால்காரனுக்குக் கையெழுத்துப் போடுகிறார், தொலைபேசியில் அண்ணியோடு சண்டை பிடிக்கிறார். உருண்டை உருண்டையாகவே இருக்கிறது.

நீண்ட நேரம் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குறிப்பு: ஒன்றுமில்லை. பார்த்தேன்.

டிசம்பர் 5

அம்மா அழைத்தாள். கோயிலில் சனம் கேட்கிறார்களாம், மகன் இத்தாலியில் என்ன செய்கிறார் என்று.

"சொந்தமாய் வியாபாரம் எண்டு சொல்லுங்கோ."

"என்ன வியாபாரம் எண்டு கேப்பினம்."

"உணவுத் துறை எண்டு சொல்லுங்கோ அம்மா."

அண்ணா சட்டியருகே நின்றார். எண்ணெய் இரைச்சலில் கேட்டிருக்காது.

டென்மார்க்கில் தன்னைப் பற்றியோ தன்னவரைப் பற்றியோ பெரிதாகச் சொல்வது பொது இடத்தில் மூக்கை நோண்டுவதற்குச் சமம். பரிசு வாங்கியவர் "ஏதோ அதிர்ஷ்டம்" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் கைதட்டுவார்கள். இங்கே சந்தையில் மீன்காரன் தன் மீனைக் கல்யாண வயதுப் பெண்ணைப் போலப் புகழ்கிறான், பாட்டாகவே. பக்கத்துக் கடைக்காரன் அதைவிட உரக்க. யாருக்கும் வெட்கமில்லை.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. எதற்கு என்று இன்னும் பார்க்கவில்லை.

டிசம்பர் 8

விடுமுறை. மாதாவின் திருநாள். தெருவுக்குக் குறுக்கே விளக்குத் தோரணம், கடைசி வீடுவரை. டென்மார்க்கில் இந்த மாதம் ஒரேயொரு மெழுகுதிரி. அதில் தேதிகளைக் குறித்திருப்பார்கள். ஒரு நாளைக்கு ஒரு கோடு எரிந்ததும் ஊதி அணைப்போம். அளந்து எரிக்கிற நாடு அது. இங்கே கொட்டுகிறார்கள்.

எது நல்லது என்று எழுத வந்தேன். தெரியவில்லை. அந்த ஒற்றைச் சுடரைச் சுற்றி நாங்கள் உட்கார்ந்திருந்ததும் பொய்யில்லை.

தெருமுனையில் இருக்கிற மற்ற அரன்சீனாக் கடையில் பதாகை கட்டிவிட்டார்கள்: சாந்தா லூசியாவுக்கு முன்பதிவு செய்யுங்கள். நீனோ அங்கே நின்று கதைத்துக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் கை காட்டினான். கொஞ்சம் தாமதமாக.

எங்களுக்கு ஒரு முன்பதிவும் இல்லை. அண்ணா வழக்கத்தைவிட இரண்டு மடங்கு அரிசி வாங்கிவந்து இறக்கினார்.

"மிஞ்சினா என்ன செய்யிறது?" என்று கேட்டேன்.

"மிஞ்சாது."

அதைச் சொன்னபோது என்னைப் பார்க்கவில்லை.

டிசம்பர் 11

அண்ணா பெரிய தாச்சியில் அரிசிமா வறுத்தார். கரடுமுரடாக அரைத்த மா. வீடு முழுக்க மணம். அண்ணிக்குப் புட்டு அவித்துக் கொடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். எட்டாம் மாதத்தில் ஆசை வரும்தானே.

டிசம்பர் 12

அண்ணா கடையில். நான் மேலே வீட்டில், இரகசியமாக.

லூசியாவுக்கென்று நாங்கள் சுடுகிற குங்குமப்பூப் பணிஸ், சின்ன இனிப்பு ரொட்டி. அது சுவீடனிலிருந்து வந்த வழக்கம். இப்போது எங்கள் பள்ளிகளிலும் உண்டு. பால், வெண்ணெய், கோதுமை மா. மாவைக் கயிறாக உருட்டி இரண்டு முனைகளையும் எதிரெதிராகச் சுருட்ட வேண்டும். ஒவ்வொரு சுருளின் நடுவிலும் ஒரு திராட்சை வற்றல். குங்குமப்பூவை அண்ணாவின் டப்பாவிலிருந்துதான் எடுத்தேன். அரன்சீனாவுக்கும் அது, இதற்கும் அது. இரண்டு நாடும் ஒரே பூவைத்தான் அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கின்றன. இதைக் கண்டுபிடித்தவள் நான்தான் என்று மாவைப் பிசைந்துகொண்டே நினைத்தேன்.

நன்றாக வந்திருக்கிறது. துணியால் மூடி அலுமாரிக்குள் ஒளித்துவைத்தேன். நாளை காலை கடை மேசையில் வைப்பேன். வருகிறவர்களுக்கு ஒன்று சும்மா. ஊரை வரவேற்க அண்ணாவுக்கு என் பங்கு.

டிசம்பர் 13

சாயந்தரம் எழுதுகிறேன். கையில் இன்னும் எண்ணெய்.

விடிய முதலே பிடிக்கத் தொடங்கினோம். வெளிச்சம் வரும்போது தட்டுகள் நிறைந்துவிட்டன. அண்ணா பின்னால் சட்டியருகே. நான் முன்னால் வெள்ளைத் துணி விரித்து, பணிஸ்களை அடுக்கி, நடுவில் ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன்.

முதல் ஆள் நீனோ. வந்துவிட்டான். சந்தோஷத்தில் கத்திவிடாமல் நின்றேன். நாலு அரன்சீனா கேட்டான். தாளில் சுற்றிக் கொடுத்தேன். பிறகு மேசையைப் பார்த்து அது என்ன என்று கேட்டான். லூசியாவின் ரொட்டி, எடுத்துக்கொள், பரிசு என்றேன். என் இத்தாலியன் அந்த வாக்கியத்தில் பிழையே விடவில்லை.

நீனோ பொதியை மேசையில் வைத்தான். மெதுவாக, உடைந்துவிடும் பொருளைப் போல. வெளியே போனான்.

அடுத்து வந்த பெண் சிலுவை போட்டுக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் வாசலில் நுன்சியா.

"ரொட்டி," என்றார். "இண்டைக்கு."

திரும்பி நடந்தார். அவருக்குப் பின்னால் தெரு திரும்பியது. கண்முன்னாலேயே. நாலு பேர், ஆறு பேர், தெருமுனைக் கடையை நோக்கி.

அண்ணா வெளியே வந்தார். மேசையைப் பார்த்தார். மெழுகுதிரியை விரலால் அணைத்தார்.

"ஆர் செய்தது?"

"நான்."

ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "வடிவாய் வந்திருக்கு. ஆனா இண்டைக்கு இல்லை, பிள்ளை."

பிறகு சொன்னார். எப்போதோ ஒரு பஞ்சம். பல நூறு வருடம் முன்பு. லூசியாவின் நாளில் துறைமுகத்துக்கு ஒரு கப்பல் வந்ததாம், முழுக்கக் கோதுமை. சனம் அதை மாவாக்கப் பொறுக்கவில்லை. அப்படியே அவித்துத் தின்றது. அதனால் இந்த ஊரில் இன்றைக்கு அரைத்த கோதுமை ஆகாது. பாண் இல்லை, பாஸ்தா இல்லை. அவித்த கோதுமையும் சோறும்தான். ஊருக்கே தெரியும், எனக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தாராம்.

"அப்ப அரன்சீனாவிலை பாண்தூள் பிரட்டுறது?"

"அதைச் சாந்தா காண மாட்டா எண்டு சொல்லித் தின்னுவினம்." தட்டை என் பக்கம் திருப்பினார். "எனக்கு அது சரியாப் படேல்லை. தூளும் கோதுமைதானே. இண்டைக்கு எல்லாம் அரிசிமாவிலைதான் பிரட்டினனான்."

வறுத்த மா. புட்டு இல்லை. நான் விடியவிருந்து அந்தத் தட்டுகளுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். பார்க்கவில்லை.

"ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"சொன்னா, இது அரன்சீனாவே இல்லை எண்டுவினம்."

"பேந்து ஏன் செய்தனீங்கள்?"

தட்டைத் துடைத்தார். துடைக்க ஒன்றுமில்லை.

"கப்பல் வருமோ எண்டு சங்கக்கடை வாசல்லை நிண்ட ஆக்கள் நாங்கள். நீ சின்னப்பிள்ளை, உனக்கு ஞாபகம் இராது. வந்த அண்டைக்கு அம்மா அரிசியைக் கழுவக்கூட இல்லை. அப்பிடி ஒரு நாளுக்கு இவை ஒரு விதி வைச்சிருக்கினம். நான் அதிலை ஏமாத்துவனோ?"

போரில் ஊருக்கு வரும் பாதை மூடப்பட்டு, பங்கீட்டு அரிசி கப்பலில் மட்டும் வந்த வருடம். எனக்கு எட்டு வயது. வரிசையில் அண்ணாவின் முதுகு மட்டும் நினைவிருக்கிறது.

நான் ஏப்ரனைக் கழற்றவில்லை. தெருவைக் கடந்து நுன்சியாவின் மாடிக்கு ஏறினேன்.

ஹேர்னிங்கில் சொல்லாமல் ஒருவர் வீட்டு மணியை அடித்தால் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைப்பார்கள். நுன்சியா கதவைத் திறந்தார், நாற்காலியைக் காட்டினார், கிண்ணத்தை வைத்தார். எல்லாம் நான் வாய் திறக்குமுன். அவித்த கோதுமை, மேலே சீனி போட்டுக் கடைந்த புதுப் பாற்கட்டி, தோடம்பழத்தோல். குச்சீயா என்று பெயர். வேண்டாம் என்றேன். டென்மார்க்கில் ஒரு 'வேண்டாம்' போதும், தட்டு போய்விடும். இங்கே அது பேச்சின் தொடக்கம். தின்றேன். முழுக் கோதுமை பல்லில் வெடித்தது. நல்ல சாப்பாடு. அதையும் சொன்னேன்.

பிறகு மன்னிப்புக் கேட்டேன். நான் வளர்ந்த நாட்டிலும் லூசியா இருக்கிறாள், அங்கே அவளுக்கு ரொட்டிதான் கொடுக்கிறோம், சிறுமிகள் தலையில் நெருப்பு வைத்துக்கொண்டு போவார்கள்.

"தலையிலையோ? உண்மை நெருப்போ? தலைமயிர்?"

ஈரத்துணி வைப்போம் என்றேன். இப்படிப்பட்ட தாய்மாரைத் தான் கண்டதில்லை என்றார். ஆனால் கண் மின்னியது. அந்தக் கண்ணைப் பற்றியும் சொன்னார். இளம் வயதில் ஒரு கண் போகப் பார்த்ததாம். லூசியாதானே கண்ணுக்குக் காவல். நேர்ந்துகொண்டார், கண் தங்கியது. அன்றிலிருந்து இந்த நாளில் தூள்கூட வாயில் படவிட்டதில்லை. ஊரே அரன்சீனா தின்கிற நாளில் அவருக்கு அரன்சீனா இல்லை.

அப்போது நான் எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை. பள்ளியில் பதில் தெரிந்த பிள்ளை மாதிரி.

என் அண்ணாவின் அரன்சீனாவில் கோதுமையே இல்லை, சிஞ்ஞோரா, என்றேன். உள்ளே சோறு, வெளியே அரிசி. உங்கள் ஊரில் எல்லோரும் ஏமாற்றுகிற விதியை அவர் ஒருவர்தான் முழுதாக வைத்திருக்கிறார். ஒருவரிடமும் சொல்லாமல். பத்து வருடமாக நீங்கள் தின்றது அவர் கையால். இந்தத் தெருவில் அவரைவிட நன்றாகப் பொரிக்க ஆள் இல்லை.

குரல் அறையில் முட்டித் திரும்பியது. அதைச் சொன்னது நான்தான்.

நுன்சியா யோசித்தார். "அரிசிமாவும் மாதானே."

அதற்குப் பதிலையும் அவரே கண்டுபிடித்துவிட்டார்.

"கப்பல்லை வந்தது அரிசி இல்லையே."

மேல்மாடத்துக்குப் போனார். கீழே தெருமுனை வரிசை அவருக்கு நேராகத் தெரிந்தது. அவர் சொன்னதில் எனக்கு விளங்கியது இவ்வளவு: தூளைத் தின்கிற பொய்க்காரர்களே, இங்கே ஒருத்தன் சாந்தாவுக்குப் பயந்து அரிசியில் பிரட்டியிருக்கிறான். உங்களில் ஒருத்தருக்காவது அந்த மூளை வந்ததா. நீனோ, உனக்கு வந்ததா. அந்தப் பெண் ரொட்டி சுட்டது அவள் ஊர் வழக்கம், அங்கே பிள்ளைகளின் தலையிலேயே விளக்கு எரிக்கிறார்கள், நீங்கள் எதில் கெட்டி.

பிறகு சால்வையைப் போட்டுக்கொண்டு இறங்கினார். கைத்தாங்கல் கொடுக்கப் போனேன். தட்டிவிட்டார்.

கடை வாசலைத் தாண்டி உள்ளே வந்தார். வசந்தத்துக்குப் பிறகு முதல் முறை. அண்ணா சட்டியிலிருந்து ஒன்றை எடுத்து, எண்ணெய் வடியவிட்டு, தாளில் வைத்து நீட்டினார். வாசலில் கூட்டம். நுன்சியா நின்றபடியே கடித்தார். ஆவி பறந்தது. மென்றார்.

விழுங்கினார். மேலே பார்த்தார்.

"லூசியா, என்னை மன்னிச்சுக்கொள். நாப்பது வருஷம் வீணாப் போச்சு."

பிறகு இன்னும் ஒன்று கேட்டார்.

வாசல் உடைந்ததுபோல் வந்தார்கள். கடைசி ஆள் யார், கடைசி ஆள் யார் என்ற கேள்வி நாள் முழுக்கத் தெருவில் ஓடியது. நான் பொதி சுற்றினேன். ஒவ்வொருவரிடமும் சொன்னேன், கேட்டவர்களிடமும் கேளாதவர்களிடமும்: என் அண்ணா. என் அண்ணா செய்தது. பிழையான இத்தாலியனில், மீன்காரனைப் போல.

தெருமுனைக் கடைக்காரர்கூடத் தன் பிள்ளையை அனுப்பி இரண்டு வாங்கினார். ருசி பார்க்கவா, உளவு பார்க்கவா என்று அண்ணா கேட்டார். இரண்டுக்கும் சேர்த்துத்தான் என்றேன். சிரித்தார். வந்ததிலிருந்து இன்றுதான் பல் தெரியச் சிரித்திருக்கிறார்.

இருட்டுமுன் தட்டுகள் காலி. எதுவும் மிஞ்சவில்லை.

டிசம்பர் 14

அண்ணா எழும்பவில்லை. எழுப்பவும் இல்லை. காலைத் தேநீரில் பணிஸைத் தோய்த்துத் தின்றேன். கொஞ்சம் காய்ந்துவிட்டது.

அம்மாவை அழைத்தேன். அண்ணா பொரிக்கிறார் என்று சொன்னேன். நேற்று ஊர் முழுக்க அவர் அரிசிமாவில் பிரட்டிப் பொரித்ததைத்தான் தின்றது என்றேன். கோயிலில் அப்படியே சொல்லுங்கோ என்றேன். அரிசிமாவை எவ்வளவு கரடாய் அரைச்சு வறுத்தவன் என்று அம்மா கேட்டாள்.

மத்தியாஸுக்கு விலாசம் அனுப்பினேன். புத்தகங்கள் இங்கே வரட்டும்.

கீழே யாரோ கடையின் சுருட்டுத் தகரக் கதவைத் தட்டினார்கள். போய் அரைவாசி தூக்கினேன். நீனோ, குனிந்து நின்றான். நேற்றைய பொதியை வைத்துவிட்டுப் போனதற்கு என்ன சொல்வதென்று தெரியாமல் தொப்பியைச் சுழற்றினான். அதை விட்டுவிட்டு, அடுத்த சாந்தா லூசியாவுக்கு முன்பதிவு செய்ய வேண்டும் என்றான். இருபது. தங்கை வீட்டுக்கும் சேர்த்து.

அதற்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறதே என்றேன்.

அதனால்தான் முதலிலேயே வந்தேன் என்றான். "மறக்க மாட்டியளே? நீ இருப்பியோ இஞ்சை?"

"இருப்பன்," என்றேன். "மறக்க மாட்டம். பலேர்மோவிலேயே முதல் கடை இது."

சொல்லிவிட்டு முகம் சுடுகிறதா என்று பார்த்தேன். சுடவில்லை. தகரத்தை முழுதாகத் தூக்கினேன்.